தொட்டுப் படித்த பாறைகள்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், ஊர் நெருங்க நெருங்கப் பாறை மேல் பாறையாகக் குன்றுகள் எழும்பும். பிள்ளைகளுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லித்தர எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடமில்லை. அக்காவின் பிள்ளைகளையும் அவர்களுடைய தோழர்களையும் அங்கேதான் அழைத்துப் போனேன்.

செஞ்சிக் குன்றுகளில் ஒன்றான ராஜகிரியின் அடிவாரத்தில் முதல் வேலை, கண்ணை மூடிக்கொண்டு பாறையைத் தடவுவது. "சொரசொரன்னு குத்துது சித்தி" என்றான் சின்னவன். லென்ஸைக் கையில் கொடுத்தேன். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடிபோல் குவார்ட்ஸ், நடுநடுவே கரும்புள்ளிகள். குத்தியது இந்த மணிகள்தான். இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறியது. மணிகள் வளர நேரம் கிடைத்தது. கொண்டுபோயிருந்த பனங்கற்கண்டைக் காட்டினேன். பாகை அசைக்காமல் வாரக்கணக்கில் வைத்தால்தான் அப்படிக் கட்டி கட்டியாக விளையும்.

"அப்ப சீக்கிரம் ஆறினா?" என்று கேட்டாள் பெரியவள். எரிமலையிலிருந்து வழிந்து வெளியே ஆறும் குழம்பில் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாகிவிடும். அஜந்தா குகைகளைக் குடைந்த பசால்ட் பாறை அந்த வகை. அந்தக் கேள்வி அவளுக்கே தோன்றியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

செஞ்சிக் குன்றுகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு திருவக்கரையைத் தொட்டுப் புதுச்சேரிப் பக்கம் போகிறது. நாங்களும் திருவக்கரைக்குப் போனோம். அங்குள்ள மணற்கல்லைத் தேய்த்தால் விரலில் மணல் ஒட்டும். செஞ்சிப் பாறையில் மணிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; இங்கே ஆறு கொண்டுவந்து சேர்த்த மணல் இறுகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த மணற்கல்லில்தான் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். பார்வைக்கு மரம், வளையங்கள்கூடத் தெரிகின்றன. தொட்டால் சில்லென்ற கல். புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரம் இருந்த இடத்தையெல்லாம் அணு அணுவாகக் கல்லே பிடித்துக்கொண்டது. "கிளை எங்கே, வேர் எங்கே?" என்று தேடினார்கள். இல்லை. வேறெங்கோ வளர்ந்த மரங்களை வெள்ளம் அடித்து வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது என்றேன், ஒருவரும் எடுக்கவில்லை.

தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்று பெயர்களை முதலில் மனப்பாடம் செய்ய வைத்தால், பிள்ளைகளுக்குக் கல் வெறும் பாடமாகிவிடுகிறது. பெயர் பிறகு வரட்டும். மணி பெரிதா, பொடியா? பின்னிக் கிடக்கிறதா, உதிர்கிறதா? அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய கல்லில் இருப்பதுபோலப் பட்டை பட்டையாக வரி ஓடுகிறதா? கோயில் படிக்கட்டிலும் ஆற்றங்கரையிலும் இந்த மூன்றையும் கேட்கப் பழகிய குழந்தை, அந்தக் கல் எப்படிப் பிறந்திருக்கும் என்று தானே யோசிக்கத் தொடங்கிவிடும்.