டிராகனுக்கு ஒரு வக்காலத்து

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆயுள் கைதி ஒருவரின் முன்விடுதலைக்கான ரிட் மனு. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியவர். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 433ஏ கேட்ட 14 வருஷத்தைத் தாண்டி 17 வருஷம் உள்ளே இருந்துவிட்டார். சிறையில் ஒரு கெட்ட பெயர் கிடையாது. ஆனாலும் அரசு மறுத்துவிட்டது. காரணம், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையில் இருந்த இரண்டு வரி. ‘இனிமேல் கோபம் வராதா?’ என்று கேட்டதற்கு, ‘தினமும் வருது சார், அடக்கிக்கிட்டு இருக்கேன்’ என்று இவர் சொல்லியிருக்கிறார். மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்புண்டு என்று எழுதி முடித்துவிட்டார் அலுவலர்.

சிறையில் அவரை மனு பார்க்கப் போனபோது எனக்கு ஆத்திரம். “வராதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னய்யா?”

“பொய் சொல்லச் சொல்றீங்களாய்யா?”

வக்கீலிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்த வாரம் வீட்டில் வழக்குக் கட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகன் ‘ஸ்கைரிம்’ ஆடிக்கொண்டிருந்தான். 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த கம்ப்யூட்டர் விளையாட்டு. ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, “அப்பா, இது உங்க டிப்பார்ட்மென்ட்” என்றான்.

கதை இதுதான். உலகத்தை விழுங்க வந்த அல்டுயின் என்ற டிராகன்தான் பெரிய எதிரி. ஆதியில் டிராகன்கள் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்த காலத்தில் அவனுக்குத் தளபதியாக இருந்தது பார்தர்னாக்ஸ். டிராகன் மொழியில் அந்தப் பெயரைப் பிரித்தால் பேராசை, மேலாதிக்கம், கொடுமை என்று வரும். பெயரே குற்றப்பத்திரிகை. பிறகு அது கட்சி மாறி, குரலையே ஆயுதமாக்கும் வித்தையை மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. போர் திரும்பியது. அதன்பின் ஆயிரக்கணக்கான வருஷமாக அந்த நாட்டின் மிக உயர்ந்த மலை உச்சியில், பனியில், தியானத்தில் இருக்கிறது. ஏழாயிரம் படி ஏறினால் வரும் மடத்தின் துறவிகளுக்கு அதுதான் குரு. நாயகனுக்கும் வழி சொல்வது அதுவே. போய் நின்றால் தாக்குவதில்லை, சாவகாசமாகப் பேசுகிறது.

நடுவில் டெல்ஃபின் என்ற பெண் வருகிறாள். சத்திரக்காரியாக ஒளிந்து வாழ்ந்த வீராங்கனை. ‘பழைய பாவத்துக்கு அதைக் கொன்றுவிட்டு வா, இல்லையென்றால் எங்கள் படை உனக்கு உதவாது’ என்கிறாள். கொன்றால் துறவிகள் முகம் திருப்பிக்கொள்வார்கள். சமரசத்துக்கு விளையாட்டில் வழி வைக்கவில்லை.

“என்ன குற்றம்? எங்கே, எப்போது, செத்தது யார்?” என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. கொடுமைகள் செய்தது என்ற பொதுப்பேச்சுதான், தனித்தனிச் சம்பவம் இல்லை. அப்படியொரு குற்றப்பத்திரிகையை எங்கள் ஊர் மாஜிஸ்திரேட் திருப்பி அனுப்பிவிடுவார் என்றேன். போதாததற்கு அது அப்ரூவர் மாதிரி. கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்து உண்மையை முழுதாகச் சொன்னவனுக்கு மன்னிப்பு உண்டு என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில் இருந்தது. ஆனால் இந்த டிராகனுக்கு மன்னிப்பை யாராவது எழுதிக் கொடுத்தார்களா? அதுவும் இல்லை. எழுதாத மன்னிப்பை நம்பி இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறது.

அது மாறியது மனம் திருந்தியா, அல்டுயினின் ஆணவம் எல்லை மீறியதாலா என்று ராத்திரி பதினொரு மணி வரை வாதாடினோம். ஜெயிக்கிற பக்கம் சாய்ந்திருக்கலாம் என்பது என் கட்சி. தொழில்புத்தி, சட்டென்று நம்பாது. அப்போது ஜெயிக்கிற பக்கம் டிராகன்கள்தானே என்று மகன் மடக்கினான்.

பிறகு அவன் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. டெல்ஃபின் கேட்டதைப் பற்றி அந்த டிராகனிடமே பேசலாமாம். அது கோபப்படாமல், என்னை நம்பாதது புத்திசாலித்தனம்தான், இன்னொரு டிராகனை நானே நம்பமாட்டேன் என்கிறதாம். பழைய சுபாவத்துக்குத் திரும்பும் ஆசை வராத நாளில்லை என்றும் ஒப்புக்கொள்கிறதாம்.

எந்த வக்கீலும் தலையில் அடித்துக்கொள்ளும் வாக்குமூலம். என் கட்சிக்காரர் சொன்னதும் அதேதான்.

அந்த இரண்டு வரியை மனுவில் எங்காவது அமுக்கிவிடத்தான் நினைத்திருந்தேன். மறுநாள் அதையே முதல் காரணமாக்கினேன். லக்ஷ்மண் நாஸ்கர் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம், முன்விடுதலையில் பார்க்கவேண்டியவை என்று சிலவற்றைச் சொல்லியிருக்கிறது. மீண்டும் குற்றம் செய்ய வாய்ப்புண்டா என்பது அதில் ஒன்று. கோபம் வருகிறதா என்பது அந்தக் கேள்வி அல்ல, 17 வருஷமாக வந்த கோபத்தை இவர் என்ன செய்தார் என்பதே என்று வாதாடினேன். டிராகனைப் பற்றி மூச்சுவிடவில்லை. நீதிபதி அறிக்கையை வாங்கி இரண்டுமுறை படித்தார். மறுப்பு ரத்து, எட்டு வாரத்தில் மறுபரிசீலனை என்று உத்தரவானது.

வெளியே வராந்தாவில் வெட்டுப்பட்டவரின் மனைவி நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. டெல்ஃபின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்று அன்று சாயங்காலம் மகனிடம் சொன்னேன். “இப்ப போய் கட்சி மாறுறீங்களே அப்பா” என்றான்.

எட்டு வாரம் என்றது பதினொரு மாதமாக இழுத்தது. அதற்கப்புறம்தான் கட்சிக்காரர் வெளியே வந்தார்.

மகன் டிராகனைக் கொல்லவில்லை. அல்டுயினை முடித்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். போன தீபாவளிக்கு வந்தவன் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். முடிக்காத வேலைகளின் பட்டியலில் ‘பார்தர்னாக்ஸ்’ என்ற பெயர் அப்படியே இருக்கிறது. கொல்லாதவரை அது பட்டியலைவிட்டுப் போகாதாம்.