அம்மா தந்த வெள்ளிக்கிழமை



பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும்போது "சார், நான் பிறந்த கிழமை எப்போ திரும்ப வரும்?" என்று சிலர் கேட்கிறீர்கள். கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் கணக்குத்தானே வரும்!

365-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. அதனால் உங்கள் பிறந்தநாள் வருடத்துக்கு ஒரு கிழமை நகரும். இடையில் பிப்ரவரி 29 வந்துவிட்டால் இரண்டு கிழமை தாவும். இந்தத் தாவலால்தான் பிறந்த கிழமை ஒரே சீராகத் திரும்புவதில்லை. 6, 11, 6, 5 என்ற இடைவெளிகளில் வரும். நீங்கள் பிறந்தது லீப் வருடத்திலா, அதற்கு அடுத்ததிலா என்பதைப் பொறுத்து வரிசை மாறும். ஆனால் கூட்டுத்தொகை எப்போதும் 28. ஆகவே 28, 56, 84 வயது நிறையும் நாளில் எல்லாருக்கும் பிறந்த கிழமையே வரும். (2100 லீப் வருடம் இல்லை. அதைத் தாண்டுகிற பேரப்பிள்ளைகள் கணக்கைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளட்டும்.)

சுதந்திர தினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1947 ஆகஸ்ட் 15 வெள்ளி. பிறகு 1952, 1958, 1969, 1975 என்று வெள்ளி வந்தது. 1947-உடன் 28-ஐக் கூட்டினால் 1975!

இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் தங்கையின் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1964. 1969 ஜூனில் பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்று எழுதப்பட்ட தேதி அது. உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பெரியவர்களுக்கு இப்படி ஜூன் 1 பிறந்தநாள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! அன்றைக்கு யாராவது வாழ்த்தினால் தங்கை சிரித்துக்கொண்டே, "அது பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள். எனக்குன்னு ஒண்ணு கிடையாது" என்பாள். சிரிப்புக்குள் வருத்தம் இருக்கும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேதி சொல்லத் தெரியாது. ஆனால் இதை மாற்றாமல் சொல்வார்: "தனுஷ்கோடிப் புயல் அடிச்ச வாரத்து வெள்ளிக்கிழமை. மார்கழி ரெண்டாவது வெள்ளி. விடியக்காலம் வேதக்கோயில் மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு." வருடாவருடம் மார்கழி இரண்டாவது வெள்ளியன்று தங்கைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிப் பாயசம் வைப்பார்.

புயல் அடித்தது 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, செவ்வாய்க்கிழமை. அந்த வார வெள்ளி டிசம்பர் 25. அப்படியானால் அம்மா கேட்டது கிறிஸ்துமஸ் மணி! மூன்று சாட்சியும் ஒரே நாளைக் காட்டுகின்றன.

அம்மா 2001-இல் காலமானார். அதற்குள் டிசம்பர் 25 வெள்ளியாக அமைந்த வருடங்களைக் குறித்துப் பார்த்தேன்: 1970, 1981, 1987, 1992, 1998. இந்த ஐந்து முறையும் அம்மாவின் பாயசம் சரியான தேதியிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற வருடங்களில் சில நாள் முன்னே பின்னே. கையில் காலண்டர் இல்லாத ஒருத்தி, கிழமையை மட்டும் பிடித்துக்கொண்டு மகளின் பிறந்தநாளைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறாள்.

தாளில் எழுதித் தங்கையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணே, அப்ப அம்மா எனக்குப் பிறந்தநாள் கொண்டாடித்தான் இருக்கு" என்றாள்.

உங்கள் வீட்டிலும் ஜூன் 1 பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். என்ன கிழமை, எந்த மாதம், அந்த வாரம் ஊரில் என்ன நடந்தது? தேதி மறந்தவர்களுக்கும் இவை நினைவிருக்கும். கேட்டதை எனக்கு எழுதி அனுப்புங்கள், தேதியை நான் கண்டுபிடித்துத் தருகிறேன். கேட்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

2026 டிசம்பர் 25 மறுபடியும் வெள்ளிக்கிழமை. தங்கைக்கு 62 நிறைகிறது. உறவுகள் அனைவரும் வந்துவிட வேண்டும். பாயசம் உண்டு.