என் பெயரில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?

பெர்ன், சுவிட்சர்லாந்து

அன்புள்ள ஆனையூர்ச் சொந்தங்களே,

இந்த ஊரில் 'சமயங்களின் இல்லம்' என்று ஒரு கட்டடம் உண்டு. 2014 டிசம்பரில் திறந்தார்கள். பள்ளிவாசலும் தேவாலயமும் புத்தர் வழிபாட்டிடமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க, அங்கேயே ஈழத்தமிழர்கள் எழுப்பிய ஞானலிங்கேச்சுரர் கோயிலும் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சோற்றுக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, "தம்பி எந்த இடம்?" என்றார். மதுரை என்றேன். "மதுரையில எவடம்?" ஆனையூர் என்றதும் தட்டை மேசையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆனையூர் காம்ப்போ? என்ர தங்கச்சி குடும்பம் அங்கதான் இருக்கினம். முப்பது வருசத்துக்கு மேல."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "போனில கனக்கக் கதைக்கிறேல்லை தம்பி. கியூ பிராஞ்ச் கேட்டுக்கொண்டிருக்கும்."

சுவிஸ் குடியுரிமை வாங்கி, பேரப்பிள்ளைகளும் எடுத்துவிட்ட ஒரு பெண், நம் ஊர்ப் போலீஸின் கியூ பிரிவை நினைத்து இந்த நாட்டின் தலைநகரில் குரலைத் தாழ்த்துகிறார். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்த மாத மடல் உளவுத்துறை பற்றியதாகிப்போனது அதனால்தான்.

இந்தச் சின்ன நாட்டிலும் உளவுத்துறை இருக்கிறது. உள்நாட்டைக் கவனித்த அமைப்பையும் வெளிநாட்டைக் கவனித்த அமைப்பையும் 2010-ல் ஒன்றாக்கி, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஆனால் உளவு என்று பேச்செடுத்தாலே இங்குள்ள மூத்தவர்கள் போய் நிற்பது 1989-ல்தான். சுவிஸ் அமைச்சரவையின் முதல் பெண் உறுப்பினர் எலிசபெத் கோப், தன் கணவர் பொறுப்பு வகித்த ஒரு நிறுவனம் விசாரணையில் சிக்கப்போகிறது என்பதைத் தொலைபேசியில் அவருக்குச் சொல்லிவிட்டார். அது வெளியே வந்து, அந்த ஆண்டு ஜனவரியில் பதவியை விட்டுப் போனார். அவர் பார்த்துவந்த நீதித் துறையைத் துருவிப் பார்க்க நாடாளுமன்றம் மோரிட்ஸ் லொய்யன்பெர்கர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. ஒரு தொலைபேசி அழைப்பை விசாரிக்கப் போனவர்கள், கூட்டரசுக் காவல்துறையின் அலமாரிகளில் சுமார் 9 லட்சம் அட்டைகளைக் கண்டார்கள்.

அந்த அட்டைக்கு இங்கே 'ஃபிஷ்' என்று பெயர். நாட்டின் மக்கள்தொகையே அன்று 70 லட்சத்துக்குக் குறைவு. இடதுசாரிகள், அணு உலை எதிர்ப்பாளர்கள், பெண்ணுரிமை பேசியவர்கள், எழுத்தாளர் மாக்ஸ் ஃபிரிஷ் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. பெரும்பகுதி, பிழைக்க வந்த வெளிநாட்டவரைப் பற்றியது. 1990 மார்ச் 3 அன்று பெர்ன் நாடாளுமன்றத்துக்கு முன்னால் சுமார் 35,000 பேர் திரண்டார்கள். என் அட்டையைக் காட்டு என்று எழுதிக் கேட்டவர்கள் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல். அரசு நகலெடுத்து அனுப்பியது.

என் கீழ்வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது, பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தனக்கு வந்த நகலை இன்றைக்கும் பீரோவில் துணிக்கடியில் வைத்திருக்கிறார். ஒரு மாலை காபி கொடுத்துவிட்டு எடுத்துக் காட்டினார். அமைதி ஊர்வலம் ஒன்றில் நடந்தது, கிழக்கு ஜெர்மனியில் இருந்த பேனா நண்பிக்குக் கடிதம் போட்டது, எந்த வண்டியில் வந்து இறங்கினார் என்பது, எல்லாம் தட்டச்சில் தேதிவாரியாக இருந்தது. இடையிடையே பட்டையாகக் கறுப்பு மை. தகவல் கொடுத்தவரின் பெயரை அழித்திருக்கிறார்கள். "இந்தக் கறுப்புக்குக் கீழே இருப்பது என் அண்டைவீட்டுக்காரரா, கூட வேலை பார்த்தவரா என்று முப்பது வருடமாக யோசிக்கிறேன்" என்றார். பிறகு விரலால் கடைசி வரியைத் தொட்டு, "ஆனாலும் பார்த்துவிட்டேன். என்னைப் பற்றி இவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இதையெல்லாம் உங்களுக்கு எழுதுகிறேன்.

சுவிட்சர்லாந்து திருந்திவிட்ட நாடு என்று நான் சொல்ல வரவில்லை. அரசியல் போலீஸே வேண்டாம் என்று 1998-ல் வாக்கெடுப்பு நடந்தபோது நான்கில் மூன்று பங்கு மக்கள் அதை நிராகரித்தார்கள். 2010-ல் நாடாளுமன்ற மேற்பார்வைக் குழு உளவுத்துறைக்குள் புகுந்து பார்த்தால், இந்த முறை கணினியில், சுமார் 2 லட்சம் பேரின் பெயர்கள். ட்ஸூக் மாநிலத்து 'கிரிப்டோ ஏஜி' நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ரகசியச் செய்தி இயந்திரங்களை விற்றது. வாங்கியவர்களில் இந்தியாவும் உண்டு. அதன் மறைமுக முதலாளிகள் அமெரிக்காவின் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் என்பது 2020-ல்தான் ஊருக்குத் தெரிந்தது. சுவிஸ் உளவுத்துறைக்கோ 1993-லிருந்தே தெரியும். 2016-ல் உளவுத்துறைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டத்துக்கு 65.5 சதவீதம் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள்.

ஆனால் ஒவ்வொரு முறையும் வெளியே வந்தது. ஆறு பேர் கொண்ட அந்த நாடாளுமன்றக் குழுவுக்கு உளவுத்துறையின் கோப்பைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இருக்கிறது. ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க நீதிமன்ற அனுமதி வேண்டும். என் பெயரில் என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். காரணம் இருந்தால் பதிலைத் தள்ளிப்போடுவார்கள், கேள்வியைத் தூக்கிப்போட முடியாது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆனையூர் ஈழ அகதிகள் முகாமில் ஒரு நண்பன். 1990-ல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபம் முகாமில் பதிந்து, ஆனையூருக்கு அனுப்பப்பட்ட குடும்பம். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டு, கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது சில நாள் அவன் வரவில்லை. வந்தபோது யாரோடும் பேசவில்லை. அதன்பிறகு, கூடல்நகர் பக்கம் விளையாடிக்கொண்டே இருப்போம், பொழுது சாயும்போது பந்தைப் போட்டுவிட்டு ஓடுவான். "செக்கிங் மச்சான்." அந்த வார்த்தையைப் பத்து வயதில் அவனிடம்தான் கற்றேன்.

கியூ பிரிவு 1970களின் தொடக்கத்தில் நக்சல்பாரிகளைக் கண்காணிக்கத் தமிழ்நாடு காவல்துறையில் உண்டானது. 1980களிலிருந்து அதன் கண் ஈழத்தமிழர் மேல். முகாம் செக்கிங்கில் பெயர் வாசிப்பது வருவாய்த் துறை. சரிபார்க்கக் கியூ பிரிவும் வரும். என் நண்பன் இப்போது பெயிண்ட் அடிக்கிறான். முகாம்களில் பல ஆண்களுக்கு அதுதான் தொழில். வெளியூரில் நல்ல கூலிக்கு வேலை கிடைத்தாலும் செக்கிங் நாளுக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் உதவித்தொகை நிற்கும், பதிவையே வெட்டிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

2016 மார்ச்சில், நம் மாவட்டத்திலேயே திருமங்கலம் பக்கத்து உச்சப்பட்டி முகாமில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மகன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவருக்கு வருகைப் பதிவில் சிக்கல். அதிகாரியோடு வாக்குவாதம். உயர் அழுத்த மின்கோபுரத்தில் ஏறி உயிரை விட்டார். ஒரு வருகைப் பதிவுக்காக ஒரு உயிர் போனது. என்னால் இன்றும் ஆறவில்லை.

கண்காணிப்பே கூடாது என்று சொல்லும் அளவுக்கு நான் விவரம் அறியாதவன் இல்லை. ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு ஒரு அரசு கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் 1990-ல் ஒன்பது வயதில் வந்த பையனைப் பற்றி 35 ஆண்டுகளாக ஒரு கோப்பு வளர்கிறது. இங்கேயே பிறந்த அவன் மகளையும் சேர்த்து எண்ணுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவனால் ஒருநாளும் கேட்க முடியவில்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன் 24-ஆம் பிரிவு உளவு அமைப்புகளுக்கு விலக்குத் தருகிறது, மாநில அரசும் தன் அமைப்புகளை விலக்கிக்கொள்ளலாம் என்கிறது. ஊழலுக்கும் மனித உரிமை மீறலுக்கும் மட்டும் ஒரு சிறு வாசல். 1887-லிருந்து இருக்கும் மத்திய உளவுத்துறைக்கே தனிச் சட்டம் கிடையாது. அப்படி ஒன்று வேண்டும் என்று 2011-ல் மணீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறவே இல்லை.

போன ஞாயிறு நண்பனோடு பேசும்போது கீழ்வீட்டுப் பாட்டியின் அட்டையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "எனக்கும் ஒண்ணு இருக்கும்ல மச்சான். என் மகள் நர்சிங் முடிச்சிருக்கா. அவளைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்றான்.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்த் திட்டம், 7,469 புது வீடுகள் என்று அறிவித்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். அதே கையோடு இன்னொன்றும் செய்யட்டும். முப்பது ஆண்டு கடந்த முகாம் கோப்புகளை, அதில் பெயர் இருப்பவர்களுக்குத் திறந்து காட்டட்டும். தகவல் கொடுத்தவரின் பெயரைக் கறுப்பு மையால் அழித்தே தரட்டும்.

ஆனையூர்க்காரர்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் இதைக் கேளுங்கள். முகாமில் இருப்பவர்களில் அநேகமாக யாருக்கும் ஓட்டு இல்லை. அவர் அந்த வாசலுக்குப் போக மாட்டார்.