கோணமலைக் கடலில் ஒரு சுழியோடி

எங்கள் ஊரில் யாரும் திருகோணமலை என்று நீட்டிச் சொல்வதில்லை, திருமலைதான். பிரெடரிக் கோட்டை வாசலைத் தாண்டினால் மர நிழலில் மான்கள் நிற்கும். அந்த ஏற்றத்தில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோணேசர் கோயிலுக்கு நடந்த வெள்ளிக்கிழமைகள்தான் என் சிறுவயது. கும்பிட்டு முடிந்ததும் இராவணன் வெட்டுப் பக்கம் போவோம். பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும். கச்சான் காலத்தில் அலை அடங்கித் தண்ணீர் தெளிந்து கிடக்கும். “கீழயும் எங்கட கோயில் கிடக்குது பிள்ளை, ஒரு வெள்ளைக்காரர் இறங்கிப் பாத்தவர்” என்பார் அம்மம்மா.

அந்த வெள்ளைக்காரர் ஆர்தர் சி. கிளார்க் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். 1917இல் இங்கிலாந்தின் மைன்ஹெட்டில் பிறந்தவர். சிறுவயதில் புதைபடிவங்களைத் தேடித் திரிந்தவர். பூமியோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள்கள் மூலம் உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர். அறிவியல் புனைகதையில் அவ்வளவு பெயரெடுத்தவரை 1956இல் இலங்கைக்கு இழுத்து வந்தது கடல். உடம்பின் பாரம் தெரியாமல் நீருக்குள் மிதப்பது, விண்வெளியில் மிதப்பதற்கு மிக நெருக்கமான அனுபவம் என்று அவர் நம்பினார்.

வந்த ஆண்டே நண்பர் மைக் வில்சனோடு, கோணேசர் கோயில் நிற்கும் கோணமலையின் அடிவாரத்தில் சுழியோடினார். பாறைகளுக்கிடையே மனிதக் கை பட்ட கற்கள் கிடந்தன: செதுக்கிய தூண்கள், சதுரம் பிசகாத கட்டடத் துண்டுகள். சம்பந்தர் பாடிய பழைய கோணேசர் கோயிலின் மிச்சங்கள் அவை. 1620களில் போர்த்துக்கேயர் அந்தக் கோயிலை இடித்துத் தள்ளினார்கள். கற்களில் ஒரு பங்கு கோட்டைக்குப் போயிற்று. பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல்லைக் கோட்டை வாசலில் இன்றும் பார்க்கலாம். இன்னொரு பங்கு கடலுக்குள் விழுந்தது. தான் கண்டதை 1957இல் ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்’ என்ற நூலில் கிளார்க் எழுதினார். வில்சன் கடலடியிலிருந்து எடுத்துக் கொடுத்த லிங்கம் கோணேசர் கோயிலுக்கே திரும்பி வந்தது. அந்த வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார்.

1961இல் தெற்குக் கடலின் கிரேட் பாஸஸ் பாறைத்திட்டில் வில்சனும் இரண்டு சிறுவர்களும் மூழ்கிய கப்பலொன்றைக் கண்டார்கள். அதிலிருந்து ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாகக் கிடைத்தன. சூரத் நாணயச்சாலையில் அடித்தவை. 1964இல் கிளார்க் அதையும் நூலாக்கினார்.

தொல்லியலில் அவர் பட்டம் பெற்றவரில்லை. ஆனாலும் கண்டதை மறைக்காமல், எல்லாரும் படிக்கும்படி எழுதி வைத்தார். பழையதின் மேல் அவருக்கிருந்த பிரியம் கதையிலும் ஊறியது. 1979இல் வந்த ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் சிகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் மனதில் வைத்து ஒரு தீவைப் படைத்தார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் தூக்கியை, சிவனொளிபாதமலையை ஒத்த மலையில்தான் நாட்டினார். 2008இல் கொழும்பில் கண்மூடும்வரை இந்த நாட்டிலேயே வாழ்ந்தார்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் சோதனைச்சாவடிகளைத் தாண்டித்தான் கோணேசர் கோயிலுக்குப் போக முடிந்தது. கடலைப் பார்த்து நின்ற நேரமெல்லாம் குறைந்துபோனது. இன்று பாதை திறந்திருக்கிறது; சனம் நிறைந்திருக்கிறது. கீழே இறங்கிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

திருமலையில் கடலோடு வளர்ந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அவர்களில் சிலராவது கடலடித் தொல்லியலை முறையாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு கல்லையும் அளந்து, படமெடுத்து, கிடக்கும் இடத்தைக் குறித்து வைக்க வேண்டும். எங்கிருந்தோ வந்த ஒரு கதாசிரியர் அக்கறையோடு தொடங்கிய வேலை இது. அதை முடிக்க வேண்டியவர்கள் நாங்கள்.