துருவும் தேய்மானமும்

பி.காம். படித்தவர்களுக்கு 'டிப்ரிஸியேஷன்' என்ற வார்த்தை பால்பாடம் மாதிரி. எந்தச் சாமானை வாங்கினாலும் வருஷத்துக்கு 10 சதவிகிதமோ, 15 சதவிகிதமோ கழித்துக்கொண்டே வரவேண்டும். உபயோகித்துத் தேய்ந்ததா, மூலையில் போட்டு வீணானதா என்றெல்லாம் லெட்ஜருக்குக் கவலை இல்லை. இரண்டையும் ஒரே பத்தியில் கழித்துவிடும்.

இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குப் புரியவைத்தது ஒரு பழைய துப்பாக்கி!

பயப்படாதீர்கள், என்னுடையது இல்லை. என் சித்தி பையன் அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிறான். கம்ப்யூட்டர் வேலை போக மிச்ச நேரமெல்லாம் கராஜில் எதையாவது கழற்றிக்கொண்டிருப்பவன். அவனுடைய பக்கத்து வீட்டுப் பெரியவர் காலமானதும், அவர் மனைவி ஒரு நீளமான பெட்டியோடு வந்திருக்கிறார். உள்ளே பர்மிங்ஹாமில் செய்த இரட்டைக் குழல் துப்பாக்கி. மாமனார் காலத்துச் சொத்தாம். "பேரனுக்குக் கொடுக்கணும். புதுசு மாதிரி பண்ணித் தர்றியா?" என்று கேட்டிருக்கிறார். நான் அங்கே போயிருந்த சமயம் அந்த வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது.

துப்பாக்கிக் குழலின் அந்தக் கருநீலப் பளபளப்பு பெயின்ட் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "பெயின்ட் இல்லண்ணா, துரு!" என்றான்.

விஷயம் இதுதான். இரும்பைத் துருவிலிருந்து காப்பாற்ற, முதலில் அதை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைக்கிறார்கள். குழலைத் தனியே கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவி, ஓர் அமிலக் கரைசலை மெல்லிசாகத் தடவுகிறார்கள். அதற்கப்புறம் வெறும் கை படக்கூடாது. பட்டால் விரல் ரேகைகூடப் பதிந்துவிடும். ஈரப்பதமான பெட்டிக்குள் சில மணி நேரம் வைத்தால், செந்நிற வெல்வெட் மாதிரி துரு பூக்கும். (பெட்டியெல்லாம் ஒஹையோவுக்குத்தான். சென்னையில் மொட்டை மாடியில் வைத்தாலே போதும்!)

பிறகு அதைக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் போடுகிறார்கள். சிவப்பு கறுப்பாகிவிடுகிறது. சின்ன வயசில் கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்துக்கொண்டு போனால் மீசை மாதிரி கறுப்புத் துகள் ஒட்டுமே, அந்த மேக்னடைட்தான் இதுவும். சிவப்புத் துரு பொருபொருவென்று உதிரும். உள்ளே இருக்கும் இரும்பைத் தின்றுகொண்டே போகும். கறுப்பு அப்படியில்லை. இறுக்கமாக ஒட்டிக்கொண்டு, எண்ணெயைப் பிடித்துவைத்து, இரும்புக்குத் தோலாகிவிடும்.

மேலே தளர்வாக நிற்பதை எண்ணெய் நீக்கிய மெல்லிய கம்பி நாரால் தேய்த்து எடுக்கவேண்டும். முதல் தடவை வெறும் சாம்பல் நிறம்தான். மறுபடி தடவல், துரு, கொதி, தேய்ப்பு. ஆறு, ஏழு, எட்டு தடவை! அப்புறம்தான் அந்தக் கருநீலம். தண்ணீர்கூட டிஸ்டில்டு வாட்டராக இருக்கவேண்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். அந்தக் காலத்தில் மழைநீரைச் சேமித்து வைத்துக்கொள்வார்களாம்.

தொழிற்சாலைகளில் இத்தனை பொறுமை கிடையாது. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து, 140 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும் தொட்டியில் முக்கி எடுத்துவிடுவார்கள். ஆனால், பழைய இரட்டைக் குழல்களை ஈயப் பற்று வைத்துச் சேர்த்திருப்பார்கள். காஸ்டிக் சோடா அந்தப் பற்றையே அரித்துவிடும். அதனால் இவற்றுக்கு அந்த நிதானமான பழைய முறைதான் கதி.

இரண்டரை அடி நீளக் குழல் எந்தப் பாத்திரத்தில் கொள்ளும்? தகரத்தில் நீளத் தொட்டி ஒன்று செய்து, கராஜில் இரட்டை அடுப்பின் மேல் ஏற்றியிருந்தான். "என் கிச்சன் பக்கம் மட்டும் வந்துடாதீங்க" என்று அவன் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாளாம்.

எல்லாம் தயார். ஒன்றுதான் பாக்கி. உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, பழைய பூச்சை மொத்தமாக எடுக்கவேண்டும். அங்கேதான் அவன் கை நின்றது.

குழலில் இரண்டு விதமான காயங்கள் இருந்தன. நுனிப் பக்கம் செம்மண் தெளித்த மாதிரி துரு. பெட்டிக்குள் கவனிப்பாரில்லாமல் கிடந்ததால் வந்தது. நடுவில், துப்பாக்கியைத் தூக்கினால் கை பிடிக்கிற இடத்தில், நீலமெல்லாம் போய் வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அது அரிப்பில்லை. இரண்டு தலைமுறை உள்ளங்கைகள் பட்டுப் பட்டுத் தேய்ந்தது.

உப்புக்காகிதத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. என் லெட்ஜர் மாதிரியேதான்! துருவோடு கை பட்ட தடத்தையும் வழித்துவிடும். செதுக்கிய பூவேலை மழுங்கிவிடும். செய்தவர் பெயர் மங்கிவிடும். கொஞ்சம் அசந்தால், 1813-ல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைக் கூடம், வழக்கத்தைவிட அதிக மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து அடிக்கிற முத்திரையும் போய்விடலாம். பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள், புதுசாக்கிய துப்பாக்கியைப் பெரும்பாலும் குறைந்த விலைக்குத்தான் கேட்பார்கள் என்றான். மெருகேற்றினால் மதிப்பு குறைகிற சொத்து! எந்த அக்கவுன்டன்சி புத்தகத்தில் இது இருக்கிறது?

கடைசியில் அவன் நடுவழி ஒன்றைப் பிடித்தான். உப்புக்காகிதம் வேண்டாம், அமிலமும் வேண்டாம். குழலை அப்படியே கொதிநீரில் இறக்கினான். இருந்த சிவப்புத் துரு கறுத்தது. கம்பி நாரால் இதமாகத் தேய்த்து, மறுபடி கொதிக்கவைத்தான். துரு இருந்த இடமெல்லாம் அடங்கிப்போய், பழைய நீலத்தோடு சேர்ந்துகொண்டது. கை தேய்த்த இடம் மட்டும் வெள்ளியாகவே நின்றது. மேலே எண்ணெய் பூசினான். அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாராவது தாத்தாவின் துப்பாக்கியைக் கொதிக்கவைக்கக் கிளம்பவேண்டாம். நம் ஊரில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். தவிர, பார்க்க லட்சணமாகிவிட்டது என்பதற்காகப் பழைய குழல் சுடத் தகுதியாகிவிடாது. அதைத் தெரிந்தவர்தான் சோதித்துச் சொல்லவேண்டும்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தார். புதுசு மாதிரி இல்லையே என்று கோபித்துக்கொள்வாரோ என்று இவனுக்கு உள்ளூர உதைப்பு. காரணத்தைச் சொல்லிக்கொண்டே குழலை நீட்டினான். அவர் பதில் பேசவில்லை. அந்த வெள்ளித் தேய்மானத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவருடைய கை சின்னது. தேய்ந்த இடம் இரண்டு பக்கமும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

"பேரனுக்கு இப்படியே கொடுக்கிறேன்" என்றார்.