பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும்

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பை ஒட்டி ஒரு பூங்கா உள்ளது. அதன் பெயர் தாமான் ரிம்பா கியாரா. பரப்பளவு ஏறத்தாழ 25 ஏக்கர். காலையிலும் மாலையிலும் முதியவர்கள் அங்கே நடைப்பயிற்சி செய்கிறார்கள். சிறுவர்கள் ஓடி விளையாடுகிறார்கள். அந்தப் பூங்காவின் அருகிலேயே பழைய நீண்ட வீடுகள் சில வரிசையாக நிற்கின்றன. அங்கே வாழ்வோரில் பெரும்பாலோர் தமிழர்கள்.

அவர்கள் எப்படி அங்கு வந்தார்கள்? அந்த வட்டாரம் முழுவதும் ஒரு காலத்தில் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டமாக இருந்தது. அங்கே பால்மரம் வெட்டியவர்கள் அவர்களும் அவர்களுடைய பெற்றோரும்தான். பொதுப் பயன்பாட்டிற்காக அரசாங்கம் தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது, 1980களின் தொடக்கத்தில் தொழிலாளர் குடும்பங்கள் இந்த நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. இது தற்காலிக ஏற்பாடு, நிரந்தர வீடு பின்னர் கிடைக்கும் என்பதே அவர்களுக்குத் தரப்பட்ட நம்பிக்கை. அப்போது பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார்கள். ஏறத்தாழ நூறு குடும்பங்களின் காத்திருப்பு மட்டும் முடியவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திட்டம் வந்தது. பூங்காவின் ஒரு பகுதியில் எட்டு உயரமான அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும். அவற்றோடு 350 மலிவு விலை வீடுகள் கொண்ட மற்றொரு கட்டடமும் கட்டப்படும். நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கும் அதில் இடம் உண்டு. 2017ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மாநகர் மன்றத் தலைவர் இதற்கு அனுமதி வழங்கினார். நீண்ட வீட்டு மக்கள் மகிழ்ந்தார்கள். அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்களோ கவலையடைந்தார்கள். இருக்கும் பூங்காவும் சுருங்கினால் அடுத்த தலைமுறை எங்கே போகும்? சாலைகள் அத்தனை வாகனங்களைத் தாங்குமா?

இத்தகைய கேள்விகளுக்கு விடை காணவே நகரங்களில் நிலப் பயன்பாட்டு விதிகள் உள்ளன. திட்ட வரைபடத்தில் ஒவ்வொரு நிலமும் ஒரு வகைக்குள் வரும். இது வீடுகளுக்கு, இது கடைகளுக்கு, இது தொழிற்சாலைகளுக்கு, இது பொதுத் திறந்தவெளிக்கு எனப் பிரித்திருப்பார்கள். ஓர் ஏக்கரில் எத்தனை பேர் வரை வாழலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஆயிரம் பேருக்கு 2 ஹெக்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் இலக்கு. 2004ஆம் ஆண்டில் அரசிதழில் வெளியான கோலாலம்பூர் கட்டமைப்புத் திட்டம், தாமான் ரிம்பா கியாராவைப் பொதுமக்கள் பயன்படுத்தும் பசுமை நிலமாகவே கருதியது.

குடியிருப்பாளர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். நீண்ட வீட்டு மக்களின் சங்கமும் அவ்வழக்கில் ஒரு தரப்பாக இருந்தது. 2018இல் உயர் நீதிமன்றம் குடியிருப்பாளர்களின் மனுவை ஏற்கவில்லை. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிப்படுத்தியது. அந்தத் தீர்ப்பை வழங்கியவர் நீதிபதி நளினி பத்மநாதன். அரசிதழில் வெளியான திட்டத்தை விட்டு விலகினால் அதற்குத் தக்க காரணம் கூற வேண்டும், பாதிக்கப்படும் அண்டை நிலத்தாரின் கருத்தையும் கேட்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பூங்கா காப்பாற்றப்பட்டது. ஆனால், அன்று மாலை நீண்ட வீட்டில் இருந்த ஒரு பாட்டிக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? பூங்காவை விரும்பாதவர் அல்லர் அவர். மழை ஒழுகாத ஒரு சொந்த வீடுதான் அவருடைய கனவு. ஆகவே, இந்தக் கதையில் ஒரு தரப்பு நல்லது, மறுதரப்பு கெட்டது என்று கூறிவிட முடியாது.

உற்று நோக்கினால், மோதல் பூங்காவுக்கும் வீட்டுக்கும் இடையே இருக்கவில்லை. நூறு குடும்பங்களுக்கு வீடு கட்ட ஒரு பூங்காவின் பெரும்பகுதி தேவையில்லை. நீண்ட வீடுகள் இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு நிரந்தர வீடுகளைக் கட்டலாம் என்று குடியிருப்பாளர்களே கூறிவந்தார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதுபோல், வீட்டுக்காகப் பூங்காவை இழக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

உண்மையில் இங்கே இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. ஒன்று நகர மக்களுக்கு வரைபடத்தில் எழுதித் தரப்பட்டது. மற்றொன்று தோட்டத் தொழிலாளர்களுக்கு வாய்மொழியாகத் தரப்பட்டது. எழுதப்பட்ட வாக்குறுதியை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட முடிந்தது. எழுதப்படாத வாக்குறுதி நாற்பது ஆண்டுகள் காத்திருந்தது. வீட்டுரிமையும் பூங்காவைப் போலவே திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதையே இது உணர்த்துகிறது.

நகரத் திட்டங்களின் வரைவுகள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் சென்று பார்த்து, தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம். பலர் அதைப் பெரியவர்களின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால், அந்த வரைபடத்தில் நாளை வாழப்போகிறவர்கள் இன்றைய மாணவர்கள்தாம். வீட்டின் அருகிலுள்ள திடல் அதில் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே நல்ல தொடக்கமாகும்.