யூனிபார்மில் ஒரு படம்

தஞ்சாவூர் கீழவாசலில் எங்களுக்குச் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ. அவர் காலமான பிறகு பதினொரு வருஷமாக நான்தான் நடத்துகிறேன். பாஸ்போர்ட் சைஸ், பள்ளிக்கூட குரூப் போட்டோ, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று பிழைப்பு ஓடுகிறது. வரன் பார்க்கப் படம் எடுத்துக்கொள்ள வரும் பெண்களுக்கும் குறைவில்லை.

போன தை மாதம் ஓர் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். அம்மா கையில் பட்டுப்புடவையும் ஒரு முழம் மல்லிகையும். பெண் கையில், இஸ்திரி கலையாமல் உறைபோட்ட ராணுவ உடுப்பு.

"ஜாதகத்தோட வைக்க நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்கக்கா. புடவையில எடுத்தா போதும்" என்றார் அம்மா.

"ரெண்டும் எடுங்க ஆன்ட்டி. யூனிபார்ம்ல எடுக்கிறது எனக்கு" என்றாள் பெண்.

"அதைப் பாத்தா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மிரண்டு போயிடுவாங்க பாப்பா. அப்புறம் யாரு கட்டிக்குவா?"

கடைசி வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. சின்ன வயசிலேயே என் காதில் விழுந்த வார்த்தை அது.

என் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், மலாயாவில் பிறந்தவள். தாத்தா ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர். 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி பெண்களுக்கென்று ஜான்சி ராணிப் படையைத் தொடங்கினார். சென்னையில் டாக்டருக்குப் படித்த லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைவி. தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். பதினேழு வயசு அத்தையும் போய்ச் சேர்ந்தாள். காக்கிக் கால்சட்டை, சட்டை, தொப்பி, தோளில் துப்பாக்கி. அந்தக் கோலத்தில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாளாம். யுத்தம் முடிந்து குடும்பம் கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது, டிரங்குப் பெட்டியில் புடவை மடிப்புக்குள் அந்தப் படமும் வந்தது.

ஊரில் வரன் பார்க்கத் தொடங்கியதும், "இதைப் பாத்தா யாரு கட்டிக்குவா?" என்று தாத்தா அதை அடுப்பில் போட்டுவிட்டார். தாத்தா கெட்டவர் இல்லை. பெண்ணைப் பெற்றவருக்கு வரும் பயம்தான். 1972-ல் சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு மத்திய அரசு பென்ஷன் கொடுக்கத் தொடங்கியபோது, "எழுதிப் போடு அக்கா" என்றார் அப்பா. "எதைக் காட்டி எழுதுறது?" என்று சிரித்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள் அத்தை. எனக்கு அப்போது பத்து வயசு. அந்தச் சிரிப்பு இன்னும் மறக்கவில்லை.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "பரங்கிமலையில பரேடு முடிஞ்சு பாப்பா தோள்ல நட்சத்திரம் குத்தினது யாரும்மா?"

"நானும் அவங்கப்பாவும்தான்."

"அழுதீங்களா?"

"அழாம இருப்பாங்களா அக்கா?"

"அந்தத் தோளைத்தானே இப்ப படம் எடுக்கப் போறேன்" என்றேன். அவர் பேசவில்லை. பெண் உள்ளே போய் உடை மாற்றினாள்.

1992 வரை நம் ராணுவத்தில் பெண்கள் என்றால் டாக்டரும் நர்சும்தான். அந்த வருஷம்தான் வேறு சில பிரிவுகளுக்கும் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பெண்களைச் சேர்த்தார்கள். 1993 மார்ச்சில் முதல் அணி வெளியே வந்தது. ஆண் அதிகாரிகளைப் போல நிரந்தரப் பணியில் நீடிக்கும் உரிமையை சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது 2020 பிப்ரவரியில். அத்தை துப்பாக்கி பிடித்து எழுபத்தேழு வருஷம் கழித்து!

பட்டுப்புடவைப் படம் எடுப்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. யூனிபார்ம் அப்படியில்லை. கரும்பச்சை உடுப்புக்குப் பின்னால் கறுப்புத் திரை போட்டால் தோள் எங்கே, திரை எங்கே என்று தெரியாது. அதனால் வெளிர் சாம்பல் திரை தொங்கவிட்டேன். நேரே பிளாஷ் அடித்தால் நட்சத்திரமும் தொப்பியின் சின்னமும் பளீரென்று வெள்ளைப் புள்ளியாகிவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, முன்னால் வெள்ளைத் துணி கட்டி ஒளியைத் தணித்தேன். அம்மா பழக்கதோஷத்தில் மல்லிகையை எடுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "யூனிபார்மோட பூ கூடாதும்மா" என்று சிரித்தாள் பெண்.

எனக்கும் ஒரு பழக்கதோஷம் உண்டு. "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கோம்மா, லேசா சிரி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாற்பது வருஷமாக எல்லாப் பெண்களிடமும் சொல்கிற வசனமாயிற்றே! அவள் சாய்க்கவில்லை. நிமிர்ந்து, காமிராவை நேராகப் பார்த்தாள். சரிதான் என்று அப்படியே எடுத்தேன்.

படம் அத்தனை நன்றாக வந்தது. "வாசல் ஷோகேஸ்ல வைக்கட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"வேண்டாம் ஆன்ட்டி. நாங்க பேஸ்புக், இன்ஸ்டாகிராம்லகூடப் போடக்கூடாது. 2020-லயே போன்லேர்ந்து எடுத்துடச் சொல்லிட்டாங்க. இது எங்க வீட்டுச் சுவருக்கு."

யோசித்தால் அவள் சொன்னதுதான் நியாயம். ஊர் பார்க்க எடுத்த படமில்லை. அவளுக்காக அவள் எடுத்துக்கொண்டது.

இரண்டு படங்களையும் உறையில் போட்டுக் கொடுத்தேன். ஜாதகத்தோடு எது போயிற்று என்று எனக்குத் தெரியாது. ஆனால் பணம் கொடுக்கும்போது அந்த அம்மா, "யூனிபார்ம் படம் இன்னொண்ணு போடுங்கக்கா, எங்க மாமியாருக்கு" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் என்.சி.சி. உடுப்பிலோ, போலீஸ் உடுப்பிலோ, நர்ஸ் உடுப்பிலோ ஒரு பெண்ணின் பழைய படம் பெட்டியடியில் கிடக்கலாம். எடுத்துத் துடையுங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், வருஷம் எழுதி வையுங்கள். பேனா மசி நாளாக நாளாக முன்பக்கம் ஊறிவிடும்.

எங்கள் அத்தை 1989-ல் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கென்று எங்களிடம் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் படம். அன்றிரவு அதை எடுத்து உற்றுப் பார்த்தேன். கூறைப்புடவை, மாலை, நெற்றிச்சுட்டி எல்லாம் இருக்கிறது. போட்டோக்காரர் அவளிடமும் தலையைச் சாய்க்கத்தான் சொல்லியிருப்பார். அத்தை சாய்க்கவில்லை. நிமிர்ந்து நேராகத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.